இருபத்திரண்டு வினாடி அன்பளிப்பு

சீரியல் தன் அக்கா வீட்டுக்காரரான வெல்டருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி நாற்பத்து மூவாயிரத்து முந்நூற்றைம்பது. அந்த முந்நூற்றைம்பதைத் தள்ளிவிட்டு முழுசாகச் சொன்னால் என்ன என்று கேட்டால் வெல்டர் ஒப்பமாட்டார். அவருடைய நோட்டில் எழுத்துகள் கோணல்மாணலாக நடக்கும். ஒரு பக்கத்தில் இருக்கும் புள்ளி அடுத்த பக்கத்தில் இருக்காது. எண்கள் மட்டும் மட்டப்பலகை வைத்துப் பார்த்த மாதிரி நேராக நிற்கும்.

அந்தத் தொகை இரண்டு துண்டாக இருந்தது. இரும்பு, பெயிண்ட், வெல்டிங் குச்சி, அறுக்கும் சக்கரம் எல்லாம் சேர்ந்து நாற்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். சீரியல் கொடுத்த முன்பணம் பதினைந்தாயிரம் நேராக இரும்புக்கடைக்குப் போய்விட்டது. மீதி இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் கடையில் வெல்டர் பெயரில் கடனாக நின்றது. அது ஒரு துண்டு. இன்னொரு துண்டு அவருடைய கூலி, பதினைந்தாயிரத்து நானூற்றைம்பது.

சீரியல் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. சின்ன வயதில் எந்தக் கடை வாசலில் சீரியல் பல்பு தொங்கினாலும் அதன் அடியில் போய் நின்றுவிடுவானாம். எந்தப் பல்புக்கு அடுத்து எது எரிகிறது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பானாம். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால்தான் வருவானாம். இப்போது முப்பத்தெட்டு வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. வாய் மட்டும் இன்னும் அப்படியேதான் பிளந்திருந்தது.

வருடக் கடைசி விடுமுறையில் அவன் வீட்டு முகப்பில் விளக்குகள் பாட்டுக்கு ஆடும். டமாரம் அடித்தால் ஜன்னல் சிவக்கும், குழல் ஊதினால் கூரை விளிம்பில் நீலம் ஓடும். ஐந்து வருடமாக ஒரு வீட்டோடு இருந்ததை இந்த வருடம் தெரு முழுக்க, பதினொரு வீட்டுக்கும் இழுத்துவிட்டான். எல்லா வயரும் அவன் முன்னறைக்கு வந்து ஒரு லாப்டாப்பில் முடிந்தன. தெருவின் குறுக்கே நான்கு வளைவு, நடுவில் பதினான்கு அடி உயரத்தில் கூம்பு மரம், வீடுகளின் மேல் இருபத்து நான்கு நட்சத்திரம். இவ்வளவையும் பைப்பை வளைத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர் வெல்டர்.

“விடுமுறை ஆரம்பிக்கிறதுக்குள்ள கையில கொண்டாந்து கொடுத்துடறேன் மாமா. கம்பெனியில போனஸ் வருது” என்றான் சீரியல்.

போனஸ் வரவில்லை. விடுமுறை வந்துவிட்டது.

வெல்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலெல்லாம் மற்றவர்களின் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் குனிந்து, சாயங்காலம் வந்து சீரியலின் நட்சத்திரத்துக்குக் குனிந்தார். பதினொரு நாள். கடைசி நட்சத்திரம் முடிந்த அன்று இடது தோள் மேலே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. சட்டையை மனைவிதான் மாட்டிவிட்டாள். அவர் பணத்துக்கு அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு அடி கேட் செய்ய ஆர்டர் வந்திருந்தது. நான்கு மாதச் சாப்பாடு அதில் இருந்தது. அதற்கு இரும்பு எடுக்க வேண்டும் என்றால் பழைய பாக்கி தீர வேண்டும். இரும்புக்கடை முதலாளி சிரித்துக்கொண்டே, “பழசு போகட்டும், புதுசு வரட்டும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். சிரிப்பு சிரிப்புதான், இரும்பு இரும்புதான்.

ஒத்திகை அன்று ஒரு கோளாறு தெரிந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஏறுவதற்குள் லாப்டாப் இருபத்திரண்டு வினாடி மூச்சு வாங்கியது. அதுவரை தெரு கும்மிருட்டு. வேடிக்கை பார்க்க நின்றவர்கள், “அவ்வளவுதானா? முடிஞ்சுதா?” என்று செருப்பைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினார்கள். சீரியல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அந்த இடைவெளியில யாராவது பேசினா நிப்பாங்க மாமா. முதல்ல ஒரு வரவேற்பு. அப்புறம் பாட்டுக்குப் பாட்டு ரெண்டு வார்த்தை.”

பேசுவதற்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. மூன்றாம் வீட்டில் இருந்தவர் பேருந்து நிலைய அறிவிப்பாளர். தெருவில் அவரை அறிவிப்பம்மா என்றே சொல்வார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று இருபத்தாறு வருடமாக அந்தக் குரல் சொல்லி வந்திருக்கிறது. அந்தக் குரல் “ஐந்தாவது மேடை” என்றால், நான்காவது மேடையில் வண்டி கண்ணுக்கு முன்னால் நின்றாலும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்துக்கு ஓடுவார்கள்.

அறிவிப்பம்மா தன் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவில் தலையை விட்டு, கைபேசியில் பதிந்து கொடுத்தார். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். “அலமாரிக்குள்ள போய் தெருவுக்கே பேசறது நான் ஒருத்திதான்” என்று அவரே சிரித்தார்.

சீரியல் முதலில் அந்தப் பேச்சைக் கொண்டுபோய்ப் பாட்டின் தலையிலேயே ஒட்டிவிட்டான். பாட்டு இருபத்திரண்டு வினாடி பின்னால் தள்ளிப் போயிற்று. விளக்குகளுக்கு யார் சொல்வது? அவை பழைய கணக்கிலேயே ஆடின. அறிவிப்பம்மா “வருக” என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, மரம் பேய் பிடித்த மாதிரி குலுங்கியது. பிறகு டமாரம் அதிர்ந்தபோது ஒரு பல்பும் அசையவில்லை. வெல்டர் ஏணியில் இருந்தபடி, “மாப்ளே, உன் மரத்துக்குக் காது கேக்கலை போல” என்றார்.

அப்புறம்தான் அவனுக்கு வழி பிடிபட்டது. பேச்சைப் பாட்டோடு ஒட்டக் கூடாது. பேச்சு தனித்துண்டு, பாட்டு தனித்துண்டு. பேச்சுக்கென்று தனியாக விளக்கு எழுத வேண்டும். பேசும்போது விளக்கு ஆடினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அதனால் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், எதைப் பற்றிப் பேச்சோ அது மட்டும் எரிய வேண்டும். வளைவு என்றால் வளைவு, மரம் என்றால் மரம். ஒவ்வொரு சொல்லுக்கும் வினாடி எண்ணி எழுதி முடிக்க அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று.

அவன் என்ன எழுதிக் கொடுத்து அறிவிப்பம்மா என்ன படித்தார் என்று வெல்டருக்குத் தெரியாது. முதல் நாள் காட்சியில்தான் கேட்டார். தெருக்கோடியில், தோள் வலிக்கு இதமாக ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி. இரண்டாவது பாட்டு முடிந்து இருட்டு விழுந்தது. அந்தக் குரல் வந்தது.

“நீங்கள் பார்க்கும் நான்கு வளைவுகளையும்...” ஒவ்வொன்றாக வளைவுகள் எரிந்தன. “பெரிய மரத்தையும்...” மரம் எரிந்தது. “இருபத்து நான்கு நட்சத்திரங்களையும், ஒரு காசு வாங்காமல், முழுக்க முழுக்க அன்பளிப்பாகச் செய்து தந்தவர் இந்தத் தெருவின் மாப்பிள்ளை, நம் வெல்டர் அவர்கள். அவருக்கு ஒரு கைதட்டல்.”

தெரு தட்டியது. ஐந்நூறு பேராவது இருப்பார்கள். முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டு, “அண்ணே, நீங்கதானா!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வலிக்கிற கை.

வெல்டருக்கு முதலில் விளங்கவே இல்லை. யாரோ வேறு வெல்டரைச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். மனைவி அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். இருட்டில் அவள் கண் மின்னியது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. என் தம்பிக்கு இவ்வளவு செஞ்சுட்டு, ஊமை மாதிரி நிக்கறீங்களே!”

அவர் வாயைத் திறந்தார். அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஒரு சாயங்காலத்துக்கு மூன்று காட்சி. ஆக நாளைக்கு மூன்று முறை அவர் நாற்பத்து மூவாயிரத்து முந்நூற்றைம்பதை அன்பளிப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலை டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். “தெருவுக்கே கொடுத்தவரு, உங்ககிட்டயா வாங்கறது” என்றார் கடைக்காரர். நான் கொடுக்கலையப்பா என்று எப்படிச் சொல்வது? சொன்னால், அப்படியானால் உன் மச்சினன் பொய் சொல்கிறானா, அறிவிப்பம்மா பொய் சொல்கிறாரா என்று வரும். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

மனைவி வேறு அந்த இரண்டு நாளும் அவரைத் தரையில் நடக்க விடவில்லை. சுடுதண்ணீர் வைத்துத் தோளுக்கு ஒற்றடம் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வையை இருபத்து மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்தாள். போன வாரம் வரை, “என் தம்பின்னா உங்களுக்கு இளக்காரம்” என்று குத்திக்காட்டியவள் இவள்தான். இதை எப்படிக் கெடுப்பது?

ஒன்றை அவர் தனக்குள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கைதட்டல் பிடித்திருந்தது. முப்பது வருடமாக எத்தனை கேட் செய்திருக்கிறார்! ஒருவரும் நின்று பார்த்ததில்லை. கை நிறையப் பையை வைத்துக்கொண்டு காலால் உதைத்துத் திறப்பார்கள். கேட் நன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது, கிறீச்சிட்டால்தான் செய்தவன் ஞாபகம் வரும். இங்கே முதல்முறையாக ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் நட்சத்திரத்தின் முனைகளை விரல் நீட்டி எண்ணினார். அது பிடித்திருந்ததாலேயே கோபம் கூடியது. கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சீரியலைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தார். அவன் வாயில் இரண்டு வயரைக் கவ்விக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, “கேட்டீங்களா மாமா? எப்படி!” என்றான் வயரோடு.

“கேட்டேன்” என்றார். “அந்த இது... கொஞ்சம் பேசணும்.”

“காட்சி முடியட்டும் மாமா. மேல ஒரு நட்சத்திரம் கண்ணடிக்குது.”

காட்சி முடிந்து போனால் ஆளைக் காணோம். வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறான் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் இரண்டாவது காட்சிக்கு இரும்புக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்தார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தவர், இருபத்திரண்டு வினாடி முடிந்தபோது சிரிக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது வளைவுக்குக் கீழே நின்ற வெல்டரிடம் வந்தார்.

“என்னய்யா வெல்டரே! ஒரு காசு வாங்கலையாமே?”

“முதலாளி, அது வந்து...”

“இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் என்கிட்ட நிக்குது. என் இரும்பை எடுத்து நீ அன்பளிப்புக் கொடுத்தியா? கைதட்டல் உனக்கு, கணக்கு எனக்கா? இந்த மாதிரி வள்ளலுக்குப் பள்ளிக்கூடத்து கேட் எதுக்குய்யா? அதையும் சும்மா செஞ்சு கொடுத்துடு!”

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அடுத்த பாட்டு துள்ளலாக ஆரம்பித்து, எல்லார் முகத்திலும் சிவப்பும் பச்சையும் மாறி மாறி அடித்தது. வெல்டர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்திலும் அதே சிவப்பு பச்சை. அதற்கு அடியில் என்ன நிறம் இருந்தது என்று தெரியவில்லை. மூன்றாம் வீட்டு வாசலில் அறிவிப்பம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“முதலாளி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்து பேசறேன்” என்றார் வெல்டர்.

“பேச்சு வேணாம். பணத்தோட வா. இல்லைன்னா இனி என் கடைப்பக்கம் சைக்கிளை நிறுத்தாதே.”

மனைவி முன்னால் நடந்து வீடு சேர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

“அவன் கொடுக்கவே இல்லையா?”

“முன்பணம் கொடுத்தான்.”

“மீதி?”

இல்லை என்று தலையை ஆட்டினார்.

“மூணு நாளா ஏன் சொல்லலை?”

“நீ சந்தோஷமா இருந்தே.”

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். “நல்ல ஆளுங்க நீங்க. நான் சந்தோஷமா இருக்கணும்னு கடன்காரரா நிப்பீங்களா? நான் என்ன சின்னப் பாப்பாவா?” என்றாள். சற்றுப் பொறுத்து, “அவன் கன்னத்துல ரெண்டு வைக்கணும்” என்றாள். அந்த இரண்டு எப்போதும் அவள் பேச்சில்தான் இருக்கும், கைக்கு வராது. அன்றைக்கு வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் அறிவிப்பம்மா நின்றார். பின்னால், பிடித்து வந்த ஆடு மாதிரி சீரியல்.

“அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நான் படிச்சது பொய்யா?”

வெல்டர் சீரியலைப் பார்த்தார். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

“பொய்தான்மா” என்றார்.

அறிவிப்பம்மா நாற்காலி போடும் வரை காத்திருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “இருபத்தாறு வருஷம்ணே. வண்டி வரலைன்னா வரலைன்னு சொல்லுவேன். கல்லெறிஞ்சிருக்காங்க, காது கூசற மாதிரி திட்டியிருக்காங்க. வண்டி உள்ள வந்து நிக்காம வந்துடுச்சுன்னு ஒரு நாள் சொன்னதில்லை. இவன் என்னைச் சொல்ல வச்சுட்டான். ஒன்பது தடவை!”

“ஏண்டா அப்படி எழுதினே?” என்றாள் அக்கா.

சீரியல் நிமிராமலே சொன்னான். “போனஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்கக்கா. மாமா முகத்தைப் பார்க்க முடியலை. காசுதான் கொடுக்க முடியலை, பேராவது கொடுப்போமேன்னு...”

“பேரைக் கொடுத்துட்டுக் காசை எடுத்துக்கிட்டே” என்றார் வெல்டர்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் சீரியல் அடி வாங்கினவன் மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டான்.

“இன்னிக்கு சாயங்காலம் அது ஓடக் கூடாது. எடுத்துடு” என்றார் அறிவிப்பம்மா.

“எடுத்துட்டா இருபத்திரண்டு வினாடி இருட்டாயிடும்மா. கூட்டம் கலைஞ்சுடும்.”

“அப்ப நிஜத்தைப் படிக்கறேன். எழுது.”

“அதே இருபத்திரண்டுக்குள்ள வரணும். வளைவு, மரம், நட்சத்திரம்னு அதே வரிசையில. விளக்கை மாத்தி எழுத எனக்கு மூணு நாள் வேணும்.”

அறிவிப்பம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார். “நீங்கள் பார்க்கும் நான்கு வளைவுகளையும், பெரிய மரத்தையும், இருபத்து நான்கு நட்சத்திரங்களையும் செய்தவர் வெல்டர் அவர்கள். அவருக்குச் சேர வேண்டிய பணம் இன்னும் வந்து சேரவில்லை” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பதினேழு வினாடி. இன்னும் அஞ்சு இருக்கு” என்றார்.

சீரியல் திரும்பி அக்காவைப் பார்த்தான். எப்போதும் அவனுக்கு அங்கேதான் நிழல்.

“அதையே படிக்கட்டும்” என்றாள் அக்கா.

வெல்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைக்கவில்லை, தலையைக் குனியவுமில்லை. அவளுக்கு அதைச் சொல்ல என்ன செலவாயிற்று என்று அவருக்குத் தெரியும். இந்த வார்த்தை தெருவில் மூன்று தடவை ஒலித்தால் சீரியல் அடுத்த வருடம் ஒரு பல்புகூட மாட்ட மாட்டான். இவளும் தம்பி வீட்டுப் படியைத் தலைநிமிர்ந்து ஏற மாட்டாள்.

“முதல்ல இரும்புக்கடைக்குப் போவோம். எழுந்திருடா” என்றார்.

கடையில் முதலாளி பணம் எங்கே என்று கையைத்தான் பார்த்தார். வெல்டர் சீரியலை முன்னால் தள்ளினார்.

“முதலாளி, இரும்பு இவனோடது. இவன் தெருவுலதான் நிக்குது. என் பேரை அடிச்சுட்டு இவன் பேர்ல எழுதுங்க.”

“இவன் யாருன்னே எனக்குத் தெரியாதே!”

“பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து நேத்து பார்த்தீங்களே, அந்த விளக்குக்காரன்.”

சீரியல் சம்பளச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். மாதம் ஒன்பதாயிரத்து முந்நூறு வீதம் மூன்று மாதத்தில் தீர்த்துவிடுவதாகச் சொன்னான். முதலாளி சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

“சரி, எழுதறேன். ஆனா அந்தம்மா நம்ம கடைப் பேரையும் சொல்லணும். இரும்பு தந்து உதவியதுன்னு.”

சீரியல் உடனே தலையாட்டப் போனான். வெல்டர் அவன் தோளில் கை வைத்தார்.

“தந்தீங்கன்னா சொல்லுவாங்க முதலாளி. கடனா நின்னா கடன்னுதான் சொல்லுவாங்க. அந்தம்மா இனிமே வண்டி உள்ள வராம வாயைத் திறக்க மாட்டாங்க.”

முதலாளி யோசித்தார். இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் ஒரு பக்கம், ஐந்நூறு பேர் கைதட்டல் ஒரு பக்கம். தராசு ஆடியது தெரிந்தது. இரும்பு விற்கிறவர், எடை தெரிந்தவர்.

“மூணு மாசம் வட்டி இல்லாம பொறுத்தார்னு சொல்லலாமில்ல?”

“பொறுத்தா சொல்லலாம்.”

“பொறுக்கறேன்யா, பொறுக்கறேன்” என்று பேரேட்டை இழுத்து, வெல்டர் பெயரின் மேல் கோடு போட்டு, கீழே சீரியலின் பெயரைக் கேட்டு எழுதினார். “பள்ளிக்கூடத்து கேட்டுக்கு எப்ப இரும்பு எடுக்கறே?”

“நாளைக்கு வரேன் முதலாளி.”

திரும்பி வரும் வழியில் சீரியல் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தான். மேடு வந்தபோது இறங்கித் தள்ளிக்கொண்டே, “மாமா, கூலி பதினைந்தாயிரத்து நானூற்றைம்பது...” என்றான்.

“வா” என்றார் வெல்டர். அவ்வளவுதான்.

அன்பளிப்பாகத் தா என்று அவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? இதைத்தான் மூன்று நாளாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று ஊருக்குச் சொல்லலாம். தன்னிடம் சொல்ல முடியவில்லை. ஒருவேளை, வேலை இருக்கிறதப்பா, தோள் வலிக்கிறதப்பா என்று கழன்றுகொண்டிருப்பார். நட்சத்திரத்தைச் செய்யும்போது அது கூலி வேலையாகத்தான் இருந்தது. பொறி பறக்கும்போது மணிக்கு எவ்வளவு என்றுதான் மனம் ஓடியது. தெருவில் அது எரிந்து, அந்தப் பெரியவர் விரல் நீட்டி எண்ணிய பிறகுதான் அதைக் கொடுக்கலாம் போலத் தோன்றியது. தோன்றிய நேரத்தில் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அவன் முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தான்.

அறிவிப்பம்மாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை. இவர்கள் போனபோது மணி பதினொன்று. சீருடை மாட்டித் தயாராக, அலமாரியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். வெல்டரின் மனைவியும் அங்கேயே இருந்தாள். கடையில் நடந்ததைக் கேட்டுக்கொண்டு அறிவிப்பம்மா தாளில் ஒரு வரியை அடித்தார்.

“இரும்புக் கணக்கு தீர்ந்துது. பொறுத்தவர் பேரும் எழுதியாச்சு. உங்க கூலிக்கு என்ன எழுதட்டும்ணே?”

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வெல்டர் வலது கையால் இடது தோளைப் பிசைந்தார்.

“இரும்பு என்னோடது இல்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. கூலி என்னோடது. அதை நான் கொடுக்கறேன்.”

“மாமா, வேணாம் மாமா. நாலாவது மாசத்துல இருந்து...”

“நீ பேசாதே. மூணு நாளா நீதான் கொடுத்தே. இன்னிக்கு நான் கொடுக்கறேன்.”

மனைவி ஏதோ சொல்ல வந்தாள். “உனக்காக இல்லை” என்றார் அவளிடம். பிறகு, அது முழு உண்மை இல்லை என்று பட்டதால், “உனக்காகவும்தான்” என்றார். “தோள் இருக்கு, கேட் வேலை இருக்கு. பட்டினி இல்லை.”

அறிவிப்பம்மா பேனாவை மூடவில்லை. “சும்மா கொடுக்கறேன் கொடுக்கறேன்னா ஆகாதுண்ணே. கொடுத்தாச்சா, இல்லையா? எனக்கு அது வேணும்.”

வெல்டர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடி விரலால் வரி வரியாக இறங்கி, இரும்புக்கு நேரே ஒரு கோடு போட்டார். கூலிக்கு நேரே வந்ததும் கை நின்றது. பதினொரு சாயங்காலம். கோட்டை மெதுவாக, கம்பி அறுக்கிறவர் குறி போடுகிற மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தார்.

“விட்டேன்” என்றார். “கொடுத்தாச்சு.”

சீரியல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தான். அக்கா அவன் முதுகில் ஓர் அறை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அறிவிப்பம்மா துணிகளுக்கு நடுவில் தலையை விட்டார். சீரியல் கைபேசியை நீட்டிப் பிடித்தான். “நீங்கள் பார்க்கும் நான்கு வளைவுகளையும், பெரிய மரத்தையும், இருபத்து நான்கு நட்சத்திரங்களையும் தம் கூலி வாங்காமல் செய்து தந்தவர் இந்தத் தெருவின் மாப்பிள்ளை, நம் வெல்டர் அவர்கள். இரும்புக்கு மூன்று மாதம் வட்டியில்லாமல்...”

வெளியே ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. சீரியல் கையை ஆட்டி நிறுத்தினான். “மறுபடியும்மா. முதல்ல இருந்து.”

வெல்டர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். “நானும் மறுபடி சொல்லணுமா?”

“நீங்க ஒரு தடவை கொடுத்தா போதும்ணே” என்றது அலமாரிக்குள்ளிருந்து அந்தக் குரல். “சொல்றதுதான் நான் தினம் மூணு தடவை சொல்லணும்.”